சிவப்பைத் தொட்ட முள்

பவளம் மேடம் என்னை மரியாதையாகக் கூப்பிட்டால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

சாதாரண நாளில் நான் "டேய் சேட்டு". கோபமான நாளில் "எருமை". இரண்டும் எனக்குப் பழகிவிட்டது. அவர் பயந்துபோன நாளில் மட்டும் "சேட்டு, நீங்க" ஆகிவிடுவேன். காஞ்சிபுரத்தில் பட்டுக்கடை மாடியில் எங்கள் துப்பறியும் ஆபீஸைத் திறந்ததிலிருந்து இது எப்போதாவதுதான் நடந்திருக்கிறது. நடந்தபோதெல்லாம் என் உடம்பில் எங்காவது தையல் விழுந்திருக்கிறது.

மேடம் அதற்கு முன்னால் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிகளைப் பரிசோதித்தவர். "மனுஷன் பொய் சொன்னா எனக்குத் தெரியாதுடா. வண்டி பொய் சொன்னா தெரியும்" என்பார். எனக்கு இரண்டுமே தெரியாது. பேச மட்டும் தெரியும். பயம் வந்தால் இன்னும் நன்றாகப் பேசுவேன்.

அன்று காலை அந்தக் காரைப் பார்த்ததிலிருந்து என் வாய் ஓயவில்லை.

காவாந்தண்டலத்திலிருந்து உத்திரமேரூர் போகும் வழியில், திருப்புலிவனத்துக்குச் சற்று முன்னால், ஒரு புளியமரத்தடியில் அது நின்றுகொண்டிருந்தது. வெள்ளை அம்பாசிடர். அறுபதுகளில் வந்த மாடல். போன வருஷம்தான் உள்ளும் வெளியும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். நான்கு கதவும் சாத்தியிருந்தது. கீறல் இல்லை, ரத்தம் இல்லை, ஆளும் இல்லை. முன் சீட்டில் ஒரு துண்டு மடித்து வைக்கப்பட்டிருந்தது. ரத்தம் இருந்திருந்தால்கூட என்ன நடந்தது என்று ஊகிக்கலாம். இதோ வந்துவிடுகிறேன் என்று மடித்து வைத்துவிட்டுப் போன துண்டைப் பார்த்ததும்தான் எனக்குப் பயம் வந்தது.

"எங்க நைனா மேடம்" என்றாள் சுகிர்தா. ஒரகடத்தில் கம்பெனி வேலை பார்க்கிற பெண். ராத்திரி முழுக்க அழுது கண் வீங்கியிருந்தது. "நெலத்த எம்பேருக்கு எழுதி வெச்சிடறேன், நேரா ரிஜிஸ்டர் ஆபீஸுக்கு வந்துடுன்னாரு. நேத்து காலைலேர்ந்து சாயந்திரம் வரைக்கும் உத்திரமேரூர்ல காத்துக்கினு நின்னேன். வரவே இல்ல. போன் வூட்லயே கெடக்குது. சக்கரை வியாதிக்காரரு மேடம். நேத்து ராத்திரி ஊசி போடல. இன்னிக்கி காலைலயும் போடல. இன்னும் ஒரு நாள் தாங்க மாட்டாரு."

அவளுடைய அப்பா பெயர் புருஷோத்தமன். காவாந்தண்டலத்தில் பாட்டன் காலத்திலிருந்து நெல் பயிரிடுகிறவர். அந்த நிலத்தை வீட்டுமனை போட யார் யாரோ கேட்டுப் பார்த்தார்கள். அவர் மசியவில்லை. அவரை மனைக்காரர்கள்தான் கடத்தியிருக்க வேண்டும் என்று போலீஸ் வாலாஜாபாத் பக்கம் விசாரிக்கப் போயிருந்தது.

நேற்று சாயந்திரம் தேடிவந்து காரைக் கண்டுபிடித்தவர் அரவிந்தன். புருஷோத்தமனுடைய தம்பி மகன். பெரியப்பாவின் வயலையும் அவர்தான் கவனித்துக்கொள்கிறார். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது. எல்லோருக்கும் பிளாஸ்கில் டீ கொண்டுவந்திருந்தார். எனக்கு இரண்டு முறை ஊற்றினார். இவ்வளவு நல்ல மனிதரை நான் சமீபத்தில் பார்த்ததில்லை.

"இங்க எதுக்கு நிறுத்தினாரு?" மேடம் காரைச் சுற்றிவந்தபடி கேட்டார்.

சுகிர்தா உதட்டைப் பிதுக்கினாள். அரவிந்தன்தான் பதில் சொன்னார். "பழைய வண்டி மேடம். சூடு காட்டற முள்ளு செவப்புல போய் முட்டிக்கிச்சி, ஓரங்கட்டிட்டாரு. தனியா நிக்கறத பார்த்துட்டு எவனோ தூக்கினு போயிட்டான். அந்த பிளாட்டு போடற பசங்கதான், வேற யாரு? வண்டியச் சுத்தி வந்துக்கினு இருந்தா இன்னா புண்ணியம்? அவனுங்களப் புடிங்க மேடம்."

"அவரு சொல்றது கரெக்டு மேடம்" என்றேன், டீக்கு விசுவாசமாக.

"வாய மூட்றா எருமை" என்றார் மேடம். எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. "சாவி?"

"அவருகிட்டதான் கீது. இது ஸ்பேரு. எம்பேக்லயே இருந்துச்சி" என்று சுகிர்தா நீட்டினாள்.

"அப்ப நேத்துலேர்ந்து இந்த வண்டிய யாரும் ஸ்டார்ட் பண்ணல?"

"சாவி இல்லாம எப்படிப் பண்றது மேடம்?"

மேடம் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். என்னை பானெட்டைத் திறந்து ரேடியேட்டர் மூடியைக் கழற்றச் சொன்னார். உள்ளே தண்ணீர் கழுத்து வரை இருந்தது. "அந்தத் தண்ணியவே பார்த்துக்கினு நில்லு. கொதிச்சா கத்து."

"கொதிச்சா நான் கத்தமாட்டேன் மேடம். ஓடுவேன்."

இரண்டு உறுமலில் வண்டி உயிர்பெற்றது. கிழட்டு வண்டிக்கு நல்ல தொண்டை. நான் தண்ணீரைப் பார்த்தேன். உள்ளே மேடம் மீட்டரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் போயிற்று. தண்ணீரிலிருந்து லேசாக ஆவி வந்தது. அவ்வளவுதான். ஒரு குமிழிகூட வெடிக்கவில்லை.

"இன்னாடா நிலவரம்?"

"குளிக்கலாம் மேடம். டீ போட முடியாது."

"இங்க வந்து பாரு."

சூட்டைக் காட்டும் முள் சிவப்பு கோட்டில் போய் முட்டிக்கொண்டு நின்றது. பக்கத்தில் பெட்ரோல் முள் பாதிக்கு மேல் காட்டியது. மேடம் சொன்னபடி டேங்கில் நீளமான வேப்பங்குச்சியை விட்டுப் பார்த்தேன். நுனி மட்டும்தான் நனைந்திருந்தது.

"ஒரு முள்ளு தப்பு காட்டினா அந்த முள்ளு கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்" என்றார் மேடம். "ரெண்டும் சேர்ந்து ஏத்திக் காட்டினா, ரெண்டுக்கும் கரண்டு குடுக்கறவன் கெட்டுப்போயிட்டான். மீட்டருக்குப் பின்னாடி ரெகுலேட்டர்னு ஒரு டப்பி இருக்கும். பேட்டரிலேர்ந்து வர்ற கரண்ட்ட அடக்கி, முள்ளுக்கு ஒரே அளவா வுடறது அதோட வேலை. படுத்துப் பாருடா."

மல்லாந்து படுத்து, தலையை டேஷ்போர்டுக்கு அடியில் நுழைத்து, போன் வெளிச்சத்தை அடித்தேன். பாம்பு இருக்குமோ, தேள் இருக்குமோ என்று பார்த்தால், வயர்களுக்கு நடுவே தீப்பெட்டி அளவில் ஒரு புத்தம் புது தகர டப்பி. உடம்பு முழுக்க சந்தனம். நடுவில் குங்குமப் பொட்டு.

"மேடம், இங்க ஒரு சாமி கீது" என்றேன்.

சுகிர்தா அழுகைக்கு நடுவே லேசாகச் சிரித்துவிட்டாள். "நைனா வேலதான். வண்டிக்கு எந்த சாமான் வாங்கினாலும் சந்தனம் பூசி, பொட்டு வெச்சி, கும்புட்டுட்டுத்தான் மாட்டுவாரு. பல்பு வாங்கினாக்கூட அப்படித்தான். திருகாணியக்கூட வுடமாட்டாரு."

"இத எப்ப மாட்டினாரு?"

"நேத்து காலைலதான் மேடம். பழசு செத்துப்போயி ஆறு மாசமா ரெண்டு முள்ளும் படுத்தேதான் கெடந்துது. எங்கயும் கெடைக்கல. உத்திரமேரூர் மெக்கானிக் பாண்டியன்தான் எங்கேர்ந்தோ புடிச்சிக் குடுத்தாரு. தானே மாட்டிட்டேன், முள்ளுக்கு உயிர் வந்துடுச்சின்னு சந்தோஷமா போன் பண்ணாரு. அதோட கெளம்பினவருதான்."

மேடம் என் கையில் ஸ்குரூ டிரைவரைக் கொடுத்தார். வண்டியை அணைத்துவிட்டு டப்பியைக் கழற்றினேன். அதன் முதுகிலும் திருகாணியின் மரையிலும் சந்தனம் காய்ந்து கெட்டியாகியிருந்தது. போதாததற்கு அடியில் புதுப் பெயிண்ட் வேறு. "இந்த டப்பியோட உடம்பு வண்டியோட இரும்புல தொட்டுக்கினு இருக்கணும். அதான் எர்த்து" என்று மேடம் சுகிர்தாவுக்குச் சொன்னார். "எர்த்து இல்லன்னா இது வேலையே செய்யாது. வர்ற கரண்டு மொத்தமும் அடங்காம முள்ளுக்குப் போயிடும்."

சுரண்டித் துடைத்து, பெயிண்டையும் கொஞ்சம் கீறிவிட்டு, மறுபடி முறுக்கினேன். மேடம் ஸ்டார்ட் செய்தார். சிவப்பில் முட்டிய முள் இப்போது நிதானமாக ஏறி நடுவில் வந்து நின்றுவிட்டது. பெட்ரோல் முள் அடியிலேயே கிடந்தது. வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. சந்தனத்தைத் தவிர.

"கண்டுபுடிச்சிட்டோம் மேடம்! குற்றவாளி சாமி" என்றேன்.

மேடம் சிரிக்கவில்லை. நடுவில் நின்ற முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி வழியாக ஒரு தடவை வெளியே பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"சேட்டு, நீங்க கொஞ்சம் டிக்கியத் தொறந்து பார்க்கறீங்களா?"

இந்தத் தடவை தையல் எங்கே விழுமோ என்று நினைத்துக்கொண்டே போய்த் திறந்தேன்.

டிக்கியில் ஸ்டெப்னி, ஜாக்கி, ஜாக்கியைச் சுற்றும் இரும்பு லீவர், பழைய துணி. "தண்ணி கேன் இல்லியே" என்றாள் சுகிர்தா. "மஞ்ச கலர் ஆயில் கேன் ஒண்ணு எப்பவும் வெச்சிருப்பாரு."

அப்போதுதான் எனக்கே விளங்கியது. யாரும் அவரைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. முள் சிவப்பைத் தொட்டதும் வண்டி கொதிக்கப்போகிறது என்று நம்பி, துண்டை மடித்து வைத்துவிட்டு, கேனை எடுத்துக்கொண்டு தண்ணீருக்குப் போயிருக்கிறார். கொதிக்காத வண்டிக்குத் தண்ணீர் தேடிப் போய்த் திரும்பவில்லை. கடத்தல் என்று நினைத்தபோதுகூட எனக்கு இவ்வளவு பயமாக இல்லை. கடத்தியவன் சோறாவது போடுவான்.

ரோட்டுக்கு அந்தப் பக்கமே ஒரு பம்ப்செட் ஓடிக்கொண்டிருந்தது. மேடம் அதைக் காட்டினார்.

"அது போரு தண்ணி, உப்பு. அத ஊத்தவே மாட்டாரு மேடம். ரேடியேட்டர் அடச்சிக்கும்பாரு. எவ்ளோ தூரமானாலும் நல்ல தண்ணிதான் தேடுவாரு."

"இந்தப் பக்கம் நல்ல தண்ணி எங்க கிடைக்கும்?"

"எங்கயும் இல்ல மேடம்" என்றார் அரவிந்தன். கேள்வி முடிவதற்குள் வந்த பதில்.

வரப்பில் புல் அறுத்துக்கொண்டிருந்த அம்மாள் ஒருவர் நிமிர்ந்தார். பெயர் சொக்கம்மாள் என்று பிறகு தெரிந்தது. "ஏன் இல்லாம? அதோ அந்த சவுக்குத் தோப்புக்குள்ளாற ஒரு பழங்கெணறு கீதே. தண்ணி கல்கண்டு மாரி இருக்கும். போரு போட்டப்புறம் எவனும் அந்தப் பக்கம் போறதில்ல. கரையெல்லாம் இடிஞ்சி கெடக்குது."

சுகிர்தா ஓடத் தொடங்கினாள். மேடம் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். சொக்கம்மாளிடம் குனிந்து, "அம்மா, தயவுசெய்து கயிறு எடுத்துக்கினு நாலு ஆம்பளைங்களக் கூட்டியாங்களேன்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "சேட்டு, நீங்க எனக்குப் பின்னாடியே வாங்க. ரொம்பப் பேசாதீங்க."

நீங்க, வாங்க, பேசாதீங்க. ஒரே மூச்சில் மூன்று மரியாதை.

"தோப்புல பாம்பு கீது" என்று சொல்லி அரவிந்தன் டிக்கியிலிருந்து இரும்பு லீவரை எடுத்துக்கொண்டார். பெரியப்பாமேல் என்ன பாசம் என்றுதான் முதலில் நினைத்தேன். மேடத்தின் கண் அந்த லீவரை விட்டு நகராததைப் பார்த்ததும் அந்த நினைப்பு நின்றுபோனது.

மேடமும் சுகிர்தாவும் முன்னால் போனார்கள். அடுத்து நான். எனக்குப் பின்னால் அரவிந்தன். சவுக்குத் தோப்பு வெயிலிலும் இருட்டாக இருந்தது. காற்று ஊளையிட்டது. உள்ளே போகப் போக பம்ப்செட் சத்தம் தேய்ந்து, என் காலடியில் சருகு நொறுங்குவதும் பின்னால் இன்னொரு காலடியில் நொறுங்குவதும் மட்டும் கேட்டது. திரும்பிப் பார்க்கவும் பயம், பார்க்காமல் இருக்கவும் பயம்.

"டீ நல்லா இருந்துச்சிண்ணே" என்றேன் திரும்பாமலே. "இஞ்சி போட்டீங்களா?"

பின்னாலிருந்த காலடி மட்டும் கொஞ்சம் நெருங்கியது.

கிணறு திடீரென்று வந்தது. அடையாளத்துக்குச் சுவர்கூட இல்லை. மண் சரிந்து தரையில் வாயைப் பிளந்துகொண்டிருந்தது. சரிந்த இடத்தில் புது மண். ஒரு செருப்பு. நான் ஒரு சவுக்கு மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். ரொம்ப ஆழத்தில் கறுப்புத் தண்ணீர். அதன்மேல் மஞ்சள் கேன் மிதந்தது.

"நைனா!" சுகிர்தா அலறினாள்.

சத்தம் கிணற்றைச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தது. வேறு எதுவும் வரவில்லை. அவள் விளிம்பில் மண்டியிட்டுக் குனிந்தாள். அரவிந்தன் அவளுக்குப் பின்னால் போய் நின்றார். லீவர் கையிலேயே இருந்தது. நான் சுகிர்தாவின் துப்பட்டாவை எட்டிப் பிடித்துக் கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டேன். எனக்குத் தெரிந்த வீரம் அவ்வளவுதான்.

"அரவிந்தன் தம்பி" என்றார் மேடம். "முள்ளு சிவப்புல முட்டிக்கிச்சின்னு சொன்னீங்களே, அத உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"யாரு சொல்லணும்? பழைய வண்டின்னா கொதிக்கும்."

"வண்டி கொதிக்கல தம்பி. நீங்களே பார்த்தீங்க. முள்ளுதான் பொய் சொல்லிச்சி. ஆறு மாசமா படுத்துக் கெடந்த முள்ளு அது. நேத்து காலைல உயிர் வந்துது, இந்த ஒரு பயணத்துல ஏறிச்சி. அத வண்டிக்குள்ள உக்காந்து பார்த்தவரு உங்க பெரியப்பா ஒருத்தருதான். சாவியும் அவரோடயே போயிடுச்சி. அவரு வாயால சொன்னாலொழிய அது சிவப்பத் தொட்ட சங்கதி யாருக்கும் தெரிய வழியில்ல. வண்டிய விட்டு எறங்கினப்புறம் அவர எங்க பார்த்தீங்க?"

லீவரைப் பிடித்த அரவிந்தனின் விரல்கள் வெளுத்தன. அவர் என்ன செய்யப்போகிறார் என்று அவருக்கே தெரியவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அப்போது கிணற்றுக்குள்ளிருந்து, தண்ணீரில் நனைந்த மாதிரி ஒரு குரல் மேலே வந்தது.

"யாரு... அரவிந்தனா? கயிறு கெடைச்சிதாடா கண்ணு?"

லீவர் மண்ணில் விழுந்தது. அரவிந்தன் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் தள்ளல" என்றார் எங்களைப் பார்க்காமல். "சத்தியமா தள்ளல. பின்னாடியே பைக்ல வந்தேன், நான் பாடுபடற நெலத்த அவளுக்கு எழுதி வெக்காதீங்கன்னு கடைசியா ஒரு தபா கேக்கலாம்னு. கரை சரிஞ்சி அவரா வுழுந்தாரு. இன்னா பெரியப்பா இதுன்னு கத்தினேன். முள்ளு செவப்புல முட்டிக்கிச்சி, தண்ணி எடுக்க வந்தேன்டான்னு உள்ளேர்ந்து சொன்னாரு. இருங்க, கயிறு கொண்டாரேன்னுதான் போனேன். நெஜமாவே கயிறுக்குத்தான் போனேன். பைக்ல ஏறி உக்காந்தப்புறம் நெலம் ஞாபகம் வந்துடுச்சி."



சொக்கம்மாள் ஊரையே திரட்டிக்கொண்டு வந்துவிட்டார். கயிறு கட்டி இரண்டு பேர் இறங்கினார்கள். உள்ளே, நாங்கள் நின்ற கரைக்கு நேர் கீழே கண்ணில் படாத இடத்தில், பாதி ஆழத்தில் பழைய கல்படி ஒன்று மிஞ்சியிருந்தது. ராத்திரி முழுக்கப் புருஷோத்தமன் அதில்தான் கால் உடைந்து கிடந்திருக்கிறார். மேலே தூக்கிக் கிடத்தியபோது உதடு வெடித்து, உடம்பு நெருப்பாகக் கொதித்தது. சுகிர்தா அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். மேடம் ஆம்புலன்சுக்குப் போன் செய்து வழி சொல்லிக்கொண்டிருந்தார். இரண்டு ஆட்கள் அரவிந்தனை ஆளுக்கொரு கையாகப் பிடித்திருந்தார்கள்.

பெரியவர் மகளைப் பார்த்தார். பிறகு கண் தேடித் தேடி அரவிந்தனிடம் வந்து நின்றது.

"வந்துட்டியாடா?" என்றார். "போனவன் வரலியே, கயிறுக்கு ஓடனதுல எங்கயாவது வுழுந்துட்டியா, வண்டி கிண்டி அடிச்சிடுச்சான்னு ராத்திரி பூரா பயந்துக்கினே கெடந்தேன். உங்கப்பனுக்கு நான் இன்னா பதில் சொல்லுவேன்? உனக்கு ஒண்ணும் ஆவலியே?"

அரவிந்தன் தலை குனிந்தே இருந்தது. தோள் குலுங்கியது.

பெரியவருக்கு அது பொறுக்கவில்லை. பிடித்திருந்த ஆட்களைப் பார்த்து, இருந்த கொஞ்சம் குரலில் அதட்டினார்.

"அவன் கைய ஏன் புடிச்சிக்கினு கீறீங்க? வுடுங்கப்பா. புள்ள பயந்துபோயிக் கெடக்கறான்."

ஒருவரும் கையை எடுக்கவில்லை.